மறக்கவே முடியாத தட்டான் – உங்க அனுபவம் சொல்லுங்க

மாலே டீச்சர்

நவம்பர் கடைசி வாரம். மாலத்தீவுத் தலைநகர் மாலேல ஸ்கூல் முடிஞ்சு வந்து மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கொடி முழுக்கத் தட்டான். கிளிப் மாட்டி விட்ட மாதிரி வரிசையாத் தொங்குது. மழைக்கு முன்னாடி நம்ம ஊர் மைதானத்துக்கு மேல கூட்டமாச் சுத்துமே, அதே மஞ்சத் தட்டான்தான்.

இங்க ஆறு கிடையாது, குளம் கிடையாது. பவளத் தீவு, பெய்யுற மழை மணல்லயே இறங்கிடும். பக்கத்து வீட்டம்மாகிட்ட கேட்டேன். "இது வந்தா இருவைக் காத்து வந்தாச்சு"ன்னாங்க. வடகிழக்குப் பருவத்துக்கு அவங்க வச்ச பேரு அது. அப்புறம் தேடிப் படிச்சதுல, இங்கேயே வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன்ங்கிற கடல் உயிரியலாளர் வருஷா வருஷம் இது வர்ற தேதியைக் குறிச்சு வச்சு 2009ல எழுதியிருக்கார். இந்தியாவுல கிளம்பி, 1000 மீட்டருக்கு மேல அடிக்கிற காத்தைப் பிடிச்சு மாலத்தீவு, செஷல்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கான்னு போகுதாம். போய்த் திரும்ப 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை. ஒரே தட்டான் இல்ல, நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கிற பயணம்னு அவர் கணக்கு.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது இது எதுவும் இல்ல. ஒரு தட்டானுக்குப் பின்சிறகு நார் நாராக் கிழிஞ்சிருந்துச்சு. விரலை நீட்டினேன், ஏறி உக்காந்துச்சு. கனமே தெரியல. சின்ன வயசுல இதோட வால்லதான் நூலைக் கட்டி இழுத்திருக்கேன், கூழாங்கல்லைத் தூக்க வச்சு கை தட்டியிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அந்தக் கிழிஞ்ச சிறகோட அது மறுபடி கிளம்பியிருக்குமா?

கரிசல்காடு

டீச்சரக்கா, கோவிச்சுக்காதீங்க. கடல் தாண்டி வந்துச்சுங்கிறதை என்னால நம்ப முடியல. அங்க ஏதாவது வீட்டுத் தொட்டியில பொறந்திருக்கும்.

ஏன் சொல்றேன்னா, போன ஐப்பசியில புதுசா வாங்குன கருப்புக் காரை வாசல்ல நிறுத்தியிருந்தேன். மத்தியானம், விரல் வச்சா சுடுற பானட். ஒரு மஞ்சத் தட்டான் வந்து வால் நுனியால பானட்டைத் தொட்டுத் தொட்டு எந்திரிக்குது. இருபது தடவையாவது இருக்கும். கிட்டப் போய்ப் பாத்தா, கசகசாவை விடச் சின்னதா மங்கின மஞ்சள்ல முட்டை. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே காஞ்சு ஒட்டிப்போச்சு. விரட்டினா திரும்பவும் அங்கயேதான் வருது. கார் எது, கம்மாய் எதுன்னு தெரியாத பூச்சி ஆப்பிரிக்காவுக்கு வழி கண்டுபிடிக்குமா?

சிமெண்ட் தொட்டி

கரிசல்காடு தம்பி, அதுக்கு அறிவு இல்லன்னு சொல்லாதீங்க. தண்ணி மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, அந்த அலை கிடைமட்டமா அதிரும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது, தட்டானுக்குத் தெரியும். அதை வச்சுத்தான் குளம் எதுன்னு அது கண்டுபிடிக்குது. உங்க கருப்பு பானட் அதே வெளிச்சத்தைத் தண்ணியை விட அழுத்தமாக் காட்டும். ஹங்கேரியில ஒரு கல்லறைத் தோட்டத்துல பளபளன்னு இருந்த கருப்புக் கல்லைத் தட்டான்கள் தண்ணின்னு நம்பிச் சுத்தினதை 2007ல எழுதியிருக்காங்க. ஏமாத்தினது நம்ம பாலீஷ்.

கடல் தாண்டுறதுக்கும் சாட்சி இருக்கு. எந்தத் தண்ணியில வளர்ந்துச்சோ, அந்தத் தண்ணியோட ஹைட்ரஜன் அடையாளம் சிறகுல தங்கிடும். மாலத்தீவுல பிடிச்ச தட்டான் சிறகை 2012ல சோதிச்சுப் பாத்ததுல, இந்தியத் துணைக்கண்டத்தோட வடக்குப் பக்கம் பொறந்ததுன்னு வந்துச்சு. தீவுத் தொட்டியில பொறந்தது இல்ல.

என் அனுபவம் ரொம்பச் சின்னது. விடியக்காலை மாட்டுத் தொட்டிச் சுவத்துல ஒண்ணு சட்டை உரிச்சு வெளிய வந்துச்சு, சிறகு நனைஞ்ச காகிதம் மாதிரி. நான் உதவி பண்றதா நினைச்சு விரலால நீவி விட்டேன். அது பறக்கவே இல்ல. இன்னிக்கும் அந்தச் சுவத்தைப் பாக்கும்போது உறுத்துது.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். சிறகு காயாத தட்டானைத் தொடாதீங்க. மாட்டுத் தொட்டியைக் கழுவுறதுக்கு முன்னாடி அடித் தண்ணியை வடிகட்டியில ஊத்திப் பாருங்க. மேல தொங்கிக்கிட்டு நெளியுறது கொசுப்புழு. அடியில ஆறு காலோட, பெரிய கண்ணோட அசையாம இருக்கறது தட்டான் புழு. மடிச்சு வச்ச கீழ்உதட்டைக் கை மாதிரி நீட்டி அந்தக் கொசுப்புழுவைப் பிடிச்சுத் தின்னும். அதை ஒரு வாளியில எடுத்து வச்சுட்டு, கழுவி முடிச்சதும் திரும்ப விடுங்க. வெயில் நல்லா இருந்தா நாப்பது நாள் சுமார்ல சிறகு முளைச்சுக் கிளம்பிடும். ஏறி வர ஒரு குச்சியைச் சாய்ச்சு வைங்க. மண்ணெண்ணெய் ஊத்தவே ஊத்தாதீங்க. குடிதண்ணித் தொட்டின்னா மூடி போட்டு வாராவாரம் கழுவத்தான் வேணும், அதுல சமரசம் கிடையாது. காரை வெயில்ல நிறுத்தினா மேல ஒரு துணியைப் போடுங்க தம்பி.

ஈரக்கால்

அண்ணே, அனுபவம் கேட்ட இடத்துல தொட்டி கழுவுற பாடம் நீண்டுடுச்சு. ஆனா வடிகட்டி விஷயம் நல்லாருக்கு.

நான் சிங்கப்பூர். நீர்த்தேக்கத்தை ஒட்டின காட்டுல, கோரை முளைச்ச சதுப்பு, ஒரு ரூம் அகலம்தான் இருக்கும். கைக்கிட்ட பழுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட ஒண்ணு வந்து உக்காந்துச்சு. குளவின்னு நினைச்சுக் கையை இழுத்துக்கிட்டேன். அது பெண் தட்டான்! பக்கத்துக் கோரையில ஆண், ரத்தச் சிவப்பு. பத்துக் காசுக்குள்ள உடம்பு அடங்கிடும். நானோபியா பிக்மியா, உலகத்துலயே ரொம்பச் சின்னத் தட்டான்கள்ல ஒண்ணு. அடுத்த வருஷம் போனேன். அந்தச் சதுப்பு மேல நடைபாதை போட்டிருந்தாங்க. ஒரு ரூம் அகலத்தை விட்டு வச்சிருக்கலாம்.

வன்னித்தும்பி

நான் சுவிஸில இருக்கிறன். எங்கட பக்கம் தும்பி எண்டுதான் சொல்லுவம். ஆடி மாதம், அறோசாவுக்குக் கிட்ட ஒரு மலைக்குளம், பிள்ளையளோட நடக்கப் போனனாங்கள். பெரிய தும்பி ஒண்டு பறந்து வர, பின்னால இன்னொண்டு துரத்துது. முன்னால வந்தது பொத்தெண்டு புல்லுக்க விழுந்து மல்லாந்து கிடந்துது. அசைவே இல்லை. துரத்தினது கொஞ்ச நேரம் மேல நிண்டிட்டுப் போயிட்டுது. சின்னவள் செத்துப் போச்செண்டு அழத் தொடங்கிட்டாள். எடுக்கலாமெண்டு கையைக் கொண்டு போறன், விர்ரெண்டு எழும்பிப் போட்டுது!

வீட்ட வந்து தேடினால், சூரிச் பல்கலைக்கழகத்தில இருந்த ரஸிம் கெலிஃபா 2017ல இதைத்தான் எழுதியிருக்கிறார். ஆணிட்டயிருந்து தப்ப, பெண் தும்பி செத்த மாதிரிக் கிடக்குமாம். அதே மலைப்பக்கம்தான் பாத்திருக்கிறார். சின்னவள் இப்பவும் கேக்கிறாள்: "அதுக்கு ஆரப்பா சொல்லிக் குடுத்தது?"

டெக் விளக்கு

சரக்குக் கப்பல்ல வேலை பாக்குறேன். கரிசல்காடு அண்ணனுக்காகத்தான் எழுதுறேன். நவம்பர் மாசம், லட்சத்தீவைத் தாண்டியாச்சு, எந்தப் பக்கமும் நிலம் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு டெக் விளக்கைச் சுத்தி மஞ்சத் தட்டான், நூறு இருக்கும். ஒண்ணு என் சட்டைப் பாக்கெட்டைப் பிடிச்சுத் தொங்குச்சு. ஷிஃப்ட் முடியுற வரைக்கும் குனியாமலே வேலை பாத்தேன். விடிஞ்சு வந்து பாத்தா ஒண்ணுகூட இல்ல. காத்து தென்மேற்கே போய்க்கிட்டு இருந்துச்சு.

கரிசல்காடு

கடல் விஷயம் இன்னும் யோசனையாவே இருக்கு தம்பி. காரை மூடிட்டேன். அப்பாவோட பழைய வேட்டி.