சென்சார் ஒயரைக் கழற்றினாலும் 250 காட்டுகிறது, டிரைவரில் எங்கே கோளாறு?

கேள்வி: பல்லடத்துக்காரன்

வணக்கமுங்க. கோவை கணபதியில் ஒரு சின்ன பட்டறையில், ஸ்பின்னிங் மில்களுக்கு ஈரப்பதம் பார்க்கும் போர்டு செய்கிறோம். லினக்ஸ், ஐ2சி (இரண்டு ஒயரில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) சென்சார். டிரைவர் சென்சார் விற்றவர்கள் கொடுத்தது. போன வாரம் ஒரு மில்லில் ஈரப்பதம் 250 சதவீதம் என்று காட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் போன் போட்டு, "உள்ளே மீன் விடலாமுங்களா?" என்கிறார். போய்ப் பார்த்தால் ஒயர் கழன்று தொங்குகிறது. அப்படியானால் எர்ரர் அல்லவா வர வேண்டும்? எத்தனை தடவை கழற்றினாலும் அதே 250 தான்.

இன்னொன்று, சென்சார் இல்லாமல் பூட் செய்தாலும் டிரைவர் ஏறிக்கொள்கிறது. அப்புறம் மாட்யூலை (டிரைவரை) இறக்கினால் கெர்னல் ஊப்ஸ், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே கோளாறு.

பதில்: பீளமேடு பழனி

தம்பி, 256இல் 250 போனால் 6. அந்த 6தான் உங்கள் எர்ரர்.

சென்சாரிலிருந்து ஒரு பைட் வாசிக்கும் எஸ்எம்பஸ் (ஐ2சி வழியே ஓடுவது) ஃபங்ஷன் இன்ட் தருகிறது, மைனஸும் தாங்கும் முழு எண். வேலை நடந்தால் 0 முதல் 255 வரை, நடக்காவிட்டால் மைனஸ் எண். அட்ரஸ் அனுப்பியும் சென்சாரிடமிருந்து அக் ("கிடைத்தது" என்ற பதில்) வரவில்லை என்றால் ஐ2சியில் வருவது ஈஎன்எக்ஸ்ஐஓ, அதாவது -6. அதை யாரோ 0 முதல் 255 வரை மட்டுமே தாங்கும் யூ8 வேரியபிளில் வாங்கியிருக்கிறார்கள், மைனஸ் அங்கேயே போச்சு, -6 என்பது 250 ஆகிவிட்டது. கீழே "பூஜ்யத்துக்குக் குறைவா" என்று செக் எழுதியிருந்தாலும் அது ஒருநாளும் உண்மையாகாது. இன்ட் ஆக்கி, செக் செய்த பிறகு மதிப்பை எடுங்க.

ஊப்ஸ் வேறு சங்கதி. ப்ரோப் ஃபங்ஷனில் (சென்சார் இருக்கிறதா என்று பார்த்து டிரைவரைத் தயார் செய்வது) ஒவ்வொரு கோட்டூவையும், அதாவது வேறு வரிக்குத் தாவும் இடத்தையும் பாருங்க. முந்தைய வரி ஜெயித்ததால் ரெட் (திருப்பி அனுப்பும் எண்ணை வைக்கும் வேரியபிள்) 0 ஆகவே இருக்கும். சிப் ஐடி பொருந்தாமல் எர்ரர் லேபிளுக்குத் தாவும். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு 0 திருப்பும். 0 என்றால் கெர்னலுக்கு வெற்றி. மாட்யூலை இறக்கும்போது ரிமூவ் ஃபங்ஷன் வந்து, விடுவித்ததையே மறுபடி விடுவிக்கிறது. தாவுவதற்கு முன் ரெட்டில் -ஈஎன்ஓடெவ் (சாதனம் இல்லை) போடுங்க. கோடில் தப்பு தேடும் ஸ்மாட்ச் கருவியை ஓட்டினால் இந்த இரண்டு வகையையும் அதுவே காட்டும்.

பதில்: ஈரோடு செல்வன்

நான் எல்லா இடத்திலும் -1 தான் போடுகிறேன். ஓடத்தானே செய்கிறது?

பதில்: பீளமேடு பழனி

-1 என்றால் ஈபெர்ம், அனுமதி இல்லை என்று அர்த்தம். ஒயர் கழன்றதற்கு மில்காரர் ரூட் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருப்பார். வந்த எர்ரரை மாற்றாமல் மேலே அனுப்புவதுதான் சரி. மின்சாரம் தரும் ரெகுலேட்டர் இன்னும் தயாராகாவிட்டால் -517 வரும், ப்ரோப் டிஃபர், அதாவது "பிறகு மறுபடி முயற்சி செய்". அதை -1 ஆக்கினால் கெர்னல் மறுபடி ப்ரோப் செய்யவே வராது.

பதில்: பல்லடத்துக்காரன்

அண்ணா, யூ8ஐ மாற்றியதும் 250 ஒழிந்தது. ப்ரோப்பிலும் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு கோட்டூ இருந்தது. ரீட் ஃபங்ஷனில், டேட்டாவை ஆப்புக்குக் காப்பி செய்யும் காப்பி டு யூசர் தரும் எண்ணை அப்படியே திருப்பியிருக்கிறார்கள், அது பரவாயில்லையா?

பதில்: பீளமேடு பழனி

அதையும் மாற்றுங்க. அது காப்பி ஆகாமல் மிச்சம் நின்ற பைட் கணக்கு. திருப்பினால் அத்தனை பைட் கிடைத்துவிட்டதாக ஆப் நம்பிவிடும். பூஜ்யம் இல்லையென்றால் -ஈஃபால்ட் (தவறான மெமரி அட்ரஸ் என்ற எர்ரர்) அனுப்புங்க, முழுதாகப் போயிருந்தால் போன பைட் எண்ணிக்கை.