மறுமொழி: ‘கால மாறிலி’க்குப் பதில் ‘தணிகாலம்’

ஐயா, வணக்கம்.

மின்சுற்றுப் பாடத்தில் வரும் ‘time constant’ என்பதற்குத் ‘தணிகாலம்’ என்று நான் சொன்னதற்கு, ‘கால மாறிலி’ வழக்கில் ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பாடம் நடத்தும்போது அது எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன்.

போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 10 கிலோ ஓம் மின்தடையையும் தொடராக இணைத்து, 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினோம். கணக்குப்படி மின்தேக்கியில் 10 நொடியில் 5.7 வோல்ட், 20 நொடியில் 7.8. அந்த முதல் 10 நொடிதான் இச்சுற்றின் கால மாறிலி. மல்ட்டிமீட்டர் சற்று முன்பின் காட்டியது. எலக்ட்ரோலைட்டிக் வகை மின்தேக்கியில் 20 சதவீதம் வரை விலகல் சாதாரணம். அப்புறம் தடையை 22 கிலோ ஓமாக மாற்றினோம். அந்த 10 நொடி, 22 நொடி ஆனது. “மாறிலின்னு சொன்னீங்க, மாறிடுச்சே?” என்றாள் ஒரு மாணவி. ஒளியின் வேகத்தை மாறிலி என்று படித்தவள் அப்படித்தான் கேட்பாள். கால மாறிலியோ தடையையும் தேக்குதிறனையும் பெருக்கி வருவது. சுற்றுக்குச் சுற்று வேறு.

இன்னொரு நண்பர் சொன்ன ‘நிரம்பு நேரம்’ சரிவராது. அந்த நேரத்தில் 63 சதவீதம்தான் நிரம்புகிறது. 99 சதவீதம் தாண்ட அதைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். மின்னிறக்கத்துக்கோ அந்தப் பெயரே பொருந்தாது.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் பொதுவாகக் குறைவது ஒன்று உண்டு: இப்போதுள்ள மின்னழுத்தத்துக்கும் போய்ச் சேரவேண்டிய மின்னழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி. நம் 10 கிலோ ஓம் சுற்றில், மின்னேற்றத்தின்போது அது 9, 3.3, 1.2, 0.45 என்று இறங்குகிறது. ஒவ்வொரு 10 நொடிக்கும், இருந்ததில் 36.8 சதவீதமே மிஞ்சுகிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க தடை வழியே ஓடும் மின்னோட்டமும் சுருங்குவதால்தான் வரைகோடு வளைந்து படுக்கிறது. மின்னிறக்கத்தில் சேரவேண்டிய இடம் சுழி. அங்கே மின்னழுத்தமே இடைவெளி.

இந்த இடைவெளி தணியும் காலம், ‘தணிகாலம்’. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. தணிந்த, தணிகிற, தணியும் மூன்றும் அதில் அடங்கும். மின்தூண்டிச் சுற்றுக்கும் ஆகும். டவராவில் ஆறும் காபியின் சூடு அறையின் சூட்டை நெருங்குவதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

அதிர்வுத் தணிப்பு (damping) என்ற சொல்லோடு குழம்பாதா என்றால், அங்கேயும் வீச்சு பெரும்பாலும் இப்படித்தான் குறைகிறது. இரண்டுக்கும் ஒரே வேர் இருப்பது நல்லதே.

ஒன்றில் உங்கள் கருத்து வேண்டும். அந்த இடைவெளிக்கு ‘எஞ்சு மின்னழுத்தம்’ என்று தனிப்பெயர் வைக்கலாமா? எனக்கு ‘இடைவெளி’ என்பதே போதும் என்று படுகிறது.