ஆட்டோகாக்கர் பாடி: ஒரிஜினலா, வெளியில செஞ்சதா?

கேள்வி: பழைய ஆட்டோகாக்கர் (பெயின்ட்பால் துப்பாக்கி) பாடி ஒண்ணு விலைக்கு வருது. மில்லிங் (உலோகத்தை வெட்டிச் செஞ்ச வேலைப்பாடு) அழகு, ஆனா கம்பெனி எழுத்தே இல்ல. வேற ஆள் செஞ்ச பாடியா? வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

பதில் 1: மில்லிங்கை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஆட்டோகாக்கர் செஞ்ச டபிள்யூஜிபி கம்பெனியோட பாடியையே வாங்கி வெட்டி, புது அனோடைசிங் (அலுமினியத்து மேல ஏத்துற நிற அடுக்கு) போட்டு வித்தவங்க நிறைய. எழுத்து அதுலயே போயிருக்கும். பாடியோட கீழ்க் குழாய்க்குள்ள டார்ச் அடிங்க. ஹாமர் (வால்வை அடிச்சு காத்தை விடுற சுத்தி) உரசின கோட்டுல நகம் மாட்டுச்சுன்னா விட்டுருங்க, உருண்டை வேகம் ஒரே சீரா வராது. பேரல் மரை கையாலயே சுழன்று இறங்கணும்.

பதில் 2: போல்ட்டை (உருண்டையைப் பேரலுக்குள்ள தள்ளுற தண்டு) மாட்டி, அதோட பின்பக்கம் இருக்குற பேக் பிளாக்கைக் கடைசி வரை பின்னால இழுத்து, உருண்டை விழுற ஃபீட் ஓட்டை வழியா பாருங்க. போல்ட் முனை எட்டிப் பார்த்தா 0.68 இன்ச் பெயின்ட் உருண்டை முழுசா இறங்காது, போல்ட் அதை நறுக்கிடும். பாடியைத் திட்டுறதுக்கு முன்னாடி போல்ட், பேக் பிளாக்கை இழுக்குற பம்ப் ராட் நீளத்தைச் சரிபாருங்க.

கேள்வி கேட்டவர்: கிரிப் ஃபிரேம் (கைப்பிடியும் ட்ரிகரும் இருக்குற பாகம்) வேற கம்பெனி. பொருந்துமா?

பதில் 2: திருகு பொருந்தினாலும் சியர் (ஹாமரைப் பிடிச்சு வெக்கிற கொக்கி) உயரம் மாறும், லக்கைத் (ஹாமர்ல இருந்து கீழ நீட்டி சியர்ல மாட்டுற திருகு) திரும்ப சரியான நீளத்துல வைக்கணும். லக் குட்டையானா ஹாமர் நிக்காம ஓடும். நீளமானா ட்ரிகர் இழுத்தாலும் விடாது. லக்கைக் கால் கால் சுற்றா மாத்துங்க, காத்து டாங்கைக் கழட்டிட்டு.