புதுப்பிப்பு: நடைச் சுவரில் பழைய சாமான்கள் ஏறியாச்சு

வாசலிலிருந்து ஹாலுக்குப் போகும் ஒடுக்கமான நடையில் வெறுஞ்சுவரை என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகச் சொன்னவர்களுக்கு நன்றி. வேலை முடிந்தது.

பூப்போட்ட எனாமல் தட்டுகள், பித்தளைக் கைப்பிடிகள், பெல்ஜியம் என்று சொல்லி விற்ற கண்ணாடி (பெல்ஜியமோ பெல்லாரியோ, ரசம் போன ஓரம் அழகு), அப்புறம் ஒரு லட்சுமி படம். ரவி வர்மா அச்சகத்து அசல் என்றார் கடைக்காரர். அந்த அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கியது. பிற்கால ஆஃப்செட் நகல்களும் சந்தையில் சுற்றுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆஃப்செட்டில் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கும், அசலான கல் அச்சில் தாறுமாறாக இருக்கும். இதில் வரிசைப் புள்ளிதான். நகல் விலைக்கே பேசி வாங்கினேன்.

சட்டத்தின் பின்னால் இருந்த பழுப்பேறிய அட்டையைக் கழற்றி, அமிலமில்லாத அட்டை போட்டாயிற்று. பழைய அட்டையின் அமிலம் படத்தையும் பழுப்பாக்கும்.

ஆணி அடிக்கும் முன் எல்லாவற்றையும் செய்தித்தாளில் அளவாக வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். நடு மட்டம் தரையிலிருந்து சுமார் 57 அங்குலம். துருத்தும் கைப்பிடிகள் தலைக்கு மேலே. தோளளவில் வைத்தால் பை மாட்டிக்கொள்ளும்.

பித்தளையைத் தேய்க்கச் சொன்னவர்களே, மன்னிக்கவும். கறுத்த நிறம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.