பழைய பதில் புதிய பஸ் நேரத்தை அழிக்கிறது: ரியாக்ட் 18.2

வணக்கம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய, சிங்கப்பூர் பஸ் வருகை நேரம் காட்டும் பக்கம். 20 விநாடிக்கு ஒருமுறை செட்இன்டர்வலில் (சம இடைவெளியில் திரும்பத் திரும்ப இயக்கும் கட்டளை) ஃபெட்ச், அதாவது சர்வரிடம் புதிய நேரம் கேட்கும் கோரிக்கை. வைஃபையில் சிக்கல் இல்லை. மூன்று நாளாக, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) சுரங்கத்துக்குள் மட்டும் நேரம் பின்னோக்கிப் போகிறது. போய்விட்ட பஸ்ஸுக்குப் பயணி காத்திருப்பார், அதுதான் கவலை.

யூஸ்எஃபெக்ட் கிளீனப்பில் (நிறுத்தம் மாறும்போது பழைய வேலையை முடித்துவைக்கும் பகுதி) கோரிக்கையை ரத்து செய்யும் அபார்ட்கன்ட்ரோலர் வைத்தேன். நிறுத்தம் மாற்றும்போது வந்த குழப்பம் தீர்ந்தது. ரத்தான கோரிக்கையின் ஃபைனலி (எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி), புதியதன் லோடிங் அடையாளத்தை அணைத்தது. அந்தக் கோரிக்கையின் அபார்ட் சிக்னல் ரத்தானதா என்று பார்த்துத் தடுத்தேன். ஆனால் ஒரே நிறுத்தத்தில் பதில் 20 விநாடி தாண்டினால் இரண்டு கோரிக்கைகள் சேர்ந்து ஓடுகின்றன, முதலாவது கடைசியாக வந்து மேலே எழுதிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதை ரத்து செய்தும் பார்த்தேன். மெதுவான இணைப்பில் எதுவுமே வந்து சேரவில்லை.

செட்இன்டர்வலை விட்டு, பதில் வந்தபின் அடுத்த செட்டைம்அவுட் (ஒரே ஒருமுறை தாமதித்து இயக்கும் கட்டளை) வைத்தால் போதுமா, சர்வர் தரவைக் கையாளும் நூலகமான டான்ஸ்டாக் குவெரிக்கே மாறுவதா?