அப்பார்ட்மென்ட் அசிஸ்டென்ட் மேனேஜர் வேலை: சிடிசி 4.2 லட்சம், அதில் போனஸ் 42,000. ஒத்துக்கொள்ளலாமா?

நாவலூர்_பெண்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வருடங்களாக ஹெல்ப்டெஸ்க்கில் இருக்கிறேன். பெயருக்குத்தான் ஹெல்ப்டெஸ்க். மெயின்டனன்ஸ் பில் போடுவது, பாக்கி வைத்திருப்பவர்களுக்கு போன் பண்ணுவது, தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் நின்றுபோனால் ஏஎம்சிக்காரரை (வருடப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்) விரட்டுவது எல்லாமே நான்தான். பி.காம் படித்திருக்கிறேன். இப்போது கையில் 21,000 வருகிறது.

குடியிருப்புகளைப் பராமரிக்கும் வேறொரு ஃபெசிலிட்டி கம்பெனியில் அசிஸ்டென்ட் மேனேஜர் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது. 480 வீடுகள் உள்ள சைட், இரண்டு எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), எட்டு லிஃப்ட். சிடிசி (எனக்காகக் கம்பெனி செலவிடும் மொத்தத் தொகை) வருடத்துக்கு 4,20,000, அதாவது மாதம் 35,000. அதில் வருடத்துக்கு 42,000 "செயல்திறன் போனஸ்" என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள், எந்த மாதம் தருவார்கள், எதை வைத்துத் தருவார்கள் என்று ஒரு வரி இல்லை. எச்ஆரிடம் கேட்டால் "கையில் 30,000 கிட்ட வரும் மேடம்" என்கிறார். வாரம் ஆறு நாள், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டியூட்டி, ராத்திரி ஜெனரேட்டர் ஓடவில்லை என்றாலும் போன் எனக்குத்தான் வரும்.

இந்தப் பதவிக்கு இது நியாயமான சம்பளமா? போனஸ் என்று எவ்வளவு எதிர்பார்க்கலாம்? வெளிநாட்டுத் தளங்களில் தேடினால் ஒரு வீடு வாடகைக்குப் போனால் இவ்வளவு கமிஷன் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள், நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்டேட்_அண்ணாச்சி:

தங்கச்சி, முதலில் அந்த 30,000 கணக்கைப் பார்த்துவிடுவோம். 35,000ல் போனஸ் 3,500 மாதாமாதம் வராது, அதைத் தள்ளு. கம்பெனி பங்கு பிஎஃப் 15,000 சம்பள உச்சவரம்பில் நிர்வாகச் செலவோடு சேர்த்து 1,950. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) 4.81 சதவீதம் பிடித்து சிடிசிக்குள் காட்டுவார்கள், பேசிக் 17,500 என்றால் 842. மீதி 28,708. இதில் உன் பங்கு பிஎஃப் 1,800 போகும். தொழில் வரி ஆறு மாதத்துக்கு 1,250, மாதத்துக்கு 208 என்று வை. கையில் 26,700தான் வரும். "30,000 கிட்ட" என்பது வெறும் வாய்வார்த்தை. சம்பளப் பிரிப்பை எழுத்தில் வாங்கு.

இன்னொன்று. மொத்தச் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது. இப்போது நீ வாங்குவதிலேயே அது போயிருக்கலாம், ஆனாலும் புது இடத்தில் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டா, வீட்டாருக்கும் சேர்த்தா என்று கேள். நிறைய பேர் போனஸைப் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், ஒரு ஆபரேஷன் வந்தால்தான் தெரியும்.

சம்பளம் நியாயமா என்றால், வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மேனேஜர் முழுநேரம் அந்த சைட்டிலேயே இருப்பாரா, இல்லை மூன்று சைட்டுக்கு ஒரு மேனேஜரா? மூன்றுக்கு ஒருவர் என்றால் பெயர்தான் அசிஸ்டென்ட், வேலை முழுக்க மேனேஜர் வேலை. காலையில் எஸ்டிபி லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதிலிருந்து, ஜெனரேட்டர் டீசல் அளவு, சம்பில் தண்ணீர் மட்டம், ராத்திரி ஷிஃப்ட் செக்யூரிட்டி வராவிட்டால் ஆள் பிடிப்பது வரைக்கும் உன் தலையில்தான் விழும். அப்படியென்றால் 35,000 குறைவு. என் வட்டத்தில் இதே ஓஎம்ஆரில் இந்த அளவு சைட்டில் மேனேஜர் பெரும்பாலும் பக்கத்தில் இல்லாமல் வேலை பார்க்கும் அசிஸ்டென்ட்கள், போனஸைச் சேர்க்காமல் மொத்தச் சம்பளமாகவே 32,000லிருந்து 38,000 வரை வாங்குகிறார்கள். மேனேஜர் கூடவே இருந்தால் 28,000, 30,000 என்பது நடப்பு.

போனஸ் விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது இதுதான். ஃபெசிலிட்டி கம்பெனிக்கும் வீட்டு உரிமையாளர் அசோசியேஷனுக்கும் உள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். கமிட்டி மாறினால் கம்பெனியும் மாறும். பிப்ரவரியில் கம்பெனியை அனுப்பிவிட்டால் மார்ச்சில் தரவேண்டிய போனஸுக்கு "சைட்டே இல்லையே" என்பார்கள். அதனால் இடையில் சைட் போனாலும் வேலை செய்த மாதங்களுக்குப் போனஸ் உண்டு என்ற வரி ஆஃபர் லெட்டரிலேயே இருக்க வேண்டும். அப்புறம் எதை வைத்துப் போனஸ் என்பதையும் உன் கையில் இருக்கும் விஷயமாக எழுதச் சொல். மெயின்டனன்ஸ் வசூல் 15ஆம் தேதிக்குள் எவ்வளவு, புகார்களை எத்தனை மணி நேரத்தில் முடித்தோம், எஸ்டிபி தண்ணீர் பரிசோதனை சரியாக வந்ததா, இப்படி. "வாடிக்கையாளர் திருப்தி" என்று மட்டும் இருந்தால் அந்த 42,000ஐ மறந்துவிடு, ஏனென்றால் 480 வீட்டில் பத்து பேர் எப்போதும் வாட்ஸப் குரூப்பில் கோபமாகத்தான் இருப்பார்கள்.

பேரோல்_பாலம்:

அண்ணாச்சி போட்ட கணக்கு சரி. நான் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருப்பதால் போனஸ் சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு வேறு போனஸ் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

ஒன்று சட்டப்படியான போனஸ். 1965 போனஸ் சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். நவம்பர் 2025ல் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோதும் இந்த மூன்றும் அப்படியே தொடர்கின்றன. 2015 திருத்தத்தில் தகுதி வரம்பை 21,000 ஆக்கினார்கள், அந்த 21,000 என்பது பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) மட்டும்தான், மொத்தச் சம்பளம் இல்லை. "மேடம் உங்கள் கிராஸ் 28,000, உங்களுக்கு போனஸ் வராது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன், எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. பேசிக் 17,500 என்றால் நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் கணக்குப் போடுவது 17,500க்கு இல்லை. 7,000 அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதற்கு. வெறும் 7,000 வைத்தாலே வருடத்துக்கு 7,000 ரூபாய் போல வரும். குறைந்தபட்ச ஊதியம் 12,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் கிட்டத்தட்ட 12,000. கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதனால்தான் பல இடங்களில் தீபாவளிக்கு முன்னால் தருகிறார்கள்.

இரண்டாவது, உங்கள் லெட்டரில் இருக்கும் செயல்திறன் போனஸ். அது ஒப்பந்தம், எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நீங்கள் எச்ஆரிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: இந்த 42,000க்குள் சட்டப்படியான போனஸும் அடக்கமா, இல்லை அது தனியா? பதிலை மெயிலில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

இன்னொரு விஷயம், அசோசியேஷனே நேரடியாக வேலைக்கு எடுக்கிறது என்று யாராவது சொன்னால் கவனம். லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்குப் போனஸ் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, சங்கங்கள் அதைக் காட்டும். டெல்லி சோம் விஹார் குடியிருப்பு உரிமையாளர் சங்க வழக்கில், உறுப்பினர்களின் வீட்டுத் தேவைக்காக ஆள் வைக்கும் சங்கம் தொழில் தகராறு சட்டப்படி "தொழில்" ஆகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் கம்பெனி வழியாகப் போவது போனஸைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்லதுதான்.

டிரஷரர்_பெரும்பாக்கம்:

நான் மறுபக்கத்து ஆள். எங்கள் குடியிருப்பில் டிரஷரராக இருக்கிறேன், மாதாமாதம் ஃபெசிலிட்டி கம்பெனி பில்லில் கையெழுத்துப் போடுவது என் வேலை. மேலே இருவரும் சொன்னதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா, பேரம் பேசும்போது பலம் கொடுக்கும்.

கம்பெனி எங்களுக்குக் கொடுக்கும் கொட்டேஷனில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிரிப்புத் தாள் இருக்கும். பேசிக், டிஏ, எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி), பிஎஃப் 13 சதவீதம், இஎஸ்ஐ 3.25, லீவு சம்பளம், அதற்குக் கீழே போனஸ் 8.33 சதவீதம் என்று ஒரு வரி. அதன் மேல் அவர்களுடைய சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. போனஸ் 8.33 என்ற அந்த வரி பில்லில் இருக்கிற சைட்டில் உங்கள் போனஸ் பணத்தை நாங்கள் மாதாமாதம் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். அதை அவர்கள் உங்களுக்குத் தருகிறார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் இடத்தில் முன்பிருந்த கம்பெனி இரண்டு தீபாவளிக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் பாதிதான் கொடுத்தது, நாங்கள் கட்டியது முழுசு. கண்டுபிடித்த பிறகு, பட்டுவாடா செய்த வங்கி விவரம் கொடுத்தால்தான் போனஸுக்கான பணம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். எல்லா சங்கமும் இதைச் செய்ய வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கமிட்டிகள் ஆள் செலவில் ஏன் கைவைக்கிறார்கள் என்றால், உறுப்பினருக்கு மாத மெயின்டனன்ஸ் 7,500ஐத் தாண்டினால் அதற்கு ஜிஎஸ்டி வந்துவிடும், பொதுக்குழுவில் ஒருவரும் விடமாட்டார்கள். டாங்கர் தண்ணீர் விலையைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது, சம்பளத்தைத்தான் அழுத்துவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு மாதம் 3,000 கூட்டினால், சேவைக் கட்டணம் 8 சதவீதம் என்று வைத்து ஜிஎஸ்டியும் சேர்த்தால் சங்கத்துக்கு 3,823 ஆகும். 480 வீட்டில் வகுத்தால் வீட்டுக்கு 8 ரூபாய். இதைக் கம்பெனியிடமே சொல்லலாம், "கிளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று அவர்கள் சொல்லும்போது.

வெளிப்படையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதவியில் தண்ணீர் லாரிக்காரர், பழைய பேப்பர் எடுப்பவர், பெயின்டிங் கான்ட்ராக்டர், இன்டீரியர் வேலைக்காரர் எல்லோரும் கவர் நீட்டுவார்கள். சில கம்பெனிகள் அது கிடைக்கும் என்று தெரிந்தேதான் சம்பளத்தைக் குறைத்து வைக்கின்றன. 24,000 லிட்டர் லாரி முக்கால் அளவோடு வந்து முழு அளவுக்கு சீட்டு வாங்கிப் போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. நேர்மையான ஒரு அசிஸ்டென்ட் மேனேஜர் லாரிக்கு லாரி மீட்டர் பார்த்தாலே வருடத்துக்கு மிச்சமாகும் பணத்தில் அவர் சம்பள உயர்வு அடங்கிவிடும். நீங்கள் ஏற்கெனவே தண்ணீர்க் கணக்கு பார்த்திருக்கிறீர்கள். அதை நேர்முகத்தில் சொல்லுங்கள்.

டெக்சாஸ்_தமிழன்:

கமிஷன் கேள்விக்கு மட்டும் பதில். இங்கே டல்லாஸ் பக்கம் பெரிய அப்பார்ட்மென்ட் வளாகங்களில் பல மொத்தமாக ஒரே முதலாளி கையில், எல்லா வீடும் வாடகைக்கு. வீடு காலியாக இருந்தால் அவருக்கு நஷ்டம். அதனால்தான் புது வாடகை ஒப்பந்தம், புதுப்பித்தல், வாடகைப் பாக்கி வசூல் என்று ஒவ்வொன்றுக்கும் போனஸ், சில இடத்தில் அங்கேயே குடியிருந்தால் வாடகையில் தள்ளுபடி. என் மனைவி அசிஸ்டென்ட் மேனேஜராக இருந்தபோது மணிக்கணக்குச் சம்பளம், வாரம் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு. நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உரிமையாளர், சங்கத்துக்கு வாடகை வருமானம் என்று ஒன்று கிடையாது. அந்த எண்களை வைத்துப் பேசினால் எச்ஆருக்கு உங்களை மறுக்க வழி கிடைத்துவிடும். வசூலை வைத்துப் போனஸ் கேளுங்கள், அது இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

நாவலூர்_பெண்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று மெயில் போட்டேன். மேனேஜர் இந்த சைட்டுக்கும் தாழம்பூரில் இன்னொரு சைட்டுக்கும் சேர்த்து ஒருவர்தானாம், அதைக் கேட்டதும்தான் அண்ணாச்சி சொன்னது புரிந்தது. சட்டப்படியான போனஸ் 42,000க்குள் அடக்கம் என்று பதில் வந்தது, தனியாக வேண்டும் என்று கேட்டேன். போனஸில் பாதியை மாதச் சம்பளத்தில் சேர்க்கவும், மீதியை 15ஆம் தேதி வசூலோடு இணைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவும் கேட்டிருக்கிறேன். இப்போது இருக்கும் இடத்தில் பாக்கித் தொகை எவ்வளவு குறைந்தது என்ற பட்டியலையும் வைத்தேன். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 2 லட்சத்துக்கு உண்டாம், குடும்பத்துக்கு இல்லை. ஆபரேஷன்ஸ் ஹெட்டிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

அவர்கள் மாதச் சம்பளத்தை மட்டும் 1,500 கூட்டிவிட்டு, போனஸை அப்படியே விட்டால் ஒத்துக்கொள்ளலாமா?

எஸ்டேட்_அண்ணாச்சி:

இரண்டு சைட்டுக்கு ஒரு மேனேஜர் என்றால் 1,500 போதாது. குறைந்தது 3,000 கேள், டிரஷரர் சார் சொன்ன 8 ரூபாய்க் கணக்கைச் சொல்லியே கேள். 2,000க்குக் கீழே வந்தால் ஞாயிறு டியூட்டிக்குப் பதில் லீவு உண்டு என்பதையாவது எழுத்தில் வாங்கிக்கொள். சைட் போனாலும் வேலை செய்த மாதத்துக்குப் போனஸ் என்ற அந்த வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதே. புது லெட்டர் கையெழுத்தாகி உன் மெயிலுக்கு வரும்வரை இங்கே ராஜினாமா கடிதம் கொடுக்காதே. பழைய கம்பெனியில் இந்த வருடத்துப் போனஸ் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து அதையும் கணக்கு முடிக்கும்போது எழுதிக் கேள், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தால் அது உண்டு.