பனிக்காலத்தில் ஹீட்டிங் நின்றுபோனால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இந்தப் பொங்கலுக்குத் தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். போகி அன்று விடியற்காலை நாலரை மணி. தெருவில் பழைய பாய் எரிந்துகொண்டிருந்தது, பசங்க மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். லீட்ஸிலிருந்து அக்கா மகன் வீடியோ கால் போட்டான். அங்கே ராத்திரி பதினொன்று, வெளியே மைனஸ் 6. தலையில் குல்லா, ஜாக்கெட்டுக்கு மேல் கம்பளி. பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது.

"மாமா, சாயங்காலத்துல இருந்து ஹீட்டிங் ஓடல. சுடுதண்ணியும் வரல."

அக்கா போனை வாங்கி, "கண்ணு, கொஞ்சம் கரி வாங்கி தூபக்கால்ல தணல் போட்டு ரூம்ல வையேன்" என்றாள். நான் முதலில் தடுத்தது அதைத்தான். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி சாம்பிராணி காட்டிய பழக்கத்தில் சொல்கிறாள். நம் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும். அங்கே குளிருக்காக இடுக்கு விடாமல் அடைத்திருப்பார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்கும்போதே ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பு, பார்பெக்யூ, குளிர் காய்வதற்காக கேஸ் ஸ்டவ்வை எரியவிடுவது, எதுவுமே வேண்டாம். ஊரிலிருந்து அம்மாவே சொன்னாலும் வேண்டாம்.

கேஸ் வாடை வந்தால் பாய்லரை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடிவிட்டு வெளியே வந்து 0800 111 999-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

வாடை இல்லை என்றால் சின்ன விஷயங்களைப் பாருங்கள். ஸ்டவ் எரிகிறதா? ப்ரீபெய்டு மீட்டராக இருந்தால் அதில் காசு இருக்கிறதா? பாய்லருக்குப் போகும் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியில் ஏதாவது ட்ரிப் ஆகியிருக்கிறதா? சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கரன்ட் போய் வந்திருந்தால் டைமரில் நேரம் மாறியிருக்கலாம்.

அப்புறம் பாய்லர் தண்ணீரின் பிரஷர். அங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் காம்பி பாய்லர்தான் (ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டையும் ஒரே பெட்டி தரும்). முன்பக்கம் ஒரு முள்ளோ எண்ணோ காட்டும். ஆறியிருக்கும்போது 1-லிருந்து 1.5 பார் (பிரஷர் அளவு) வரை இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் பாய்லர் தானாகவே நின்றுவிடும். அடியில் பின்னல் போட்ட ஒரு ஸ்டீல் ஹோஸ் தெரியும் (சில மாடலில் சாவியோ லிவரோ இருக்கும்). அதன் இரண்டு முனை வால்வையும் மெல்லத் திறந்தால் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும். 1.5 வந்ததும் இரண்டு பக்கமும் இறுக்கி மூடிவிடுங்கள். வாராவாரம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆளைக் கூப்பிட வேண்டும். ஒரு ரேடியேட்டர் மட்டும் மேல்பாதி குளிர்ந்து கிடந்தால் அது காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, சின்ன சாவியால் காற்றை வெளியேற்றலாம்.

அவனுக்குப் பிரஷர் சரியாகவே இருந்தது. "பாய்லர் உள்ளாற குடகுடன்னு சத்தம் வருது மாமா, ஸ்க்ரீன்ல ஏதோ எர்ரர் கோட் (error code) காட்டுது" என்றான். கடும் குளிர், குடகுட சத்தம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது கண்டென்சேட் குழாய். பாய்லர் எரியும்போது உண்டாகும் நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகும். வீட்டுக்கு வெளியே ஓடும் பகுதியில் அது உறைந்து அடைத்தால், நீர் போக வழியில்லாமல் பாய்லர் நின்றுவிடும்.

டார்ச்சோடு அவனைப் பின்பக்கம் போகச் சொன்னேன். சுவரிலிருந்து வெள்ளைக் குழாய் இறங்கி, சாக்கடைக்கு முன்னால் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. அடைப்பு பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் இருக்கும். காசிமேட்டில் ஐஸ் பாரை உடைக்கிற மாதிரி தட்டாதே, குழாய் விரிசல் விட்டுவிடும் என்றேன். கெட்டில் தண்ணீரைக் கொதிக்க விடாமல், கை பொறுக்கும் சூட்டில் ஜக்கில் எடுத்து மடிப்பின் மேல் ஊற்றினான். நாலாவது ஜக்கில் கடகடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம் போனிலேயே கேட்டது. உள்ளே போய் ரீசெட் பட்டனை அழுத்தினான், பாய்லர் பற்றிக்கொண்டது. கீழே சிந்திய தண்ணீர் உறைந்து வழுக்கும். அதன் மேல் உப்பைத் தூவச் சொன்னேன்.

இரண்டு, மூன்று தடவை ரீசெட் செய்தும் ஓடவில்லையா, நிறுத்திவிடுங்கள். மூடியைத் திறக்கவே கூடாது. கேஸ் சேஃப் (Gas Safe, கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பட்டியல்) பதிவு பெற்றவர்தான் உள்ளே கை வைக்கலாம். வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் வேறு. மூன்று வாரத்துக்கு முன்பே இதே மாதிரி ஒரு தடவை நின்று தானாக ஓடியதாம். அவன் ஓனரிடம் சொல்லவே இல்லை. எனக்குப் புரிகிறது. வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது மோட்டார் போனால் குடித்தனக்காரர்களே காசு போட்டு சரிசெய்வோம். ஓனரிடம் கேட்டால் "காலி பண்ணு" என்பார் என்ற பயம். அந்தப் பயத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் (Landlord and Tenant Act) 11-ஆம் பிரிவுப்படி, சாதாரண வாடகை வீட்டில் ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் சரியாக வைத்திருப்பது ஓனரின் கடமை. கேஸ் சாதனங்களை வருடம் ஒரு முறை சோதித்து அந்தச் சான்றின் நகலையும் உங்களுக்குத் தர வேண்டும். போனில் சொன்னாலும் அன்றைக்கே மெயிலும் போடுங்கள், ஸ்க்ரீனில் தெரியும் எர்ரர் கோடைப் போட்டோ எடுத்து இணையுங்கள். அசையவில்லை என்றால் உள்ளூர் கவுன்சிலில் (நம்மூர் மாநகராட்சி மாதிரி) புகார் கொடுக்கலாம்.

ஆள் வரும்வரை எண்ணெய் ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்றை வைத்து ஒரே அறையில் எல்லோரும் படுங்கள். அதை நேராகச் சுவர் ப்ளக்கில் சொருகுங்கள், எக்ஸ்டென்ஷன் போர்டில் வேண்டாம். மேலே துணியைக் காயப்போடாதீர்கள்.

ஜனவரியில் ஊருக்கு வருகிறவர்கள், பில்லை நினைத்து ஹீட்டிங்கை முழுக்க அணைத்துவிட்டு வராதீர்கள். குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். குழாய் உறைந்து வெடித்தால், பனி இளகும்போது வீடு முழுக்கத் தண்ணீர் ஓடும். நீங்கள் இங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.